காலுக்குள் ஒரு திராட்சைத் தோட்டம்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்! கால் வீங்கும் என்று சொன்னேன், வீங்கியது. மாத்திரை தோற்கும் என்று சொன்னேன், தோற்றது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று வந்து தின்று தீர்க்கும் என்று சொன்னேன், தின்று தீர்த்தது. யாரிடம் சொன்னாய் என்று கேட்காதீர்கள். எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். தீர்க்கதரிசிகள் எல்லோரும் முதலில் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தவர்கள்தாம்!

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பள்ளித் தலைமையாசிரியை, என் வாயை ஏழாம் வகுப்போடு மூடிவிடலாம் என்று நம்பி ஏமாந்தவரின் மகள், லாமாரா அம்மையார் அவர்களே! என் காலை வெட்டுவதற்குக் கத்தி தீட்டி, தீட்டிய கத்தியை உறையில் போட்ட வித்தகர், அறுவை மருத்துவர் அவ்தாந்தில் அவர்களே! தலைநகர் திபிலிசியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே காலம் கழிக்கும் என் தங்கை மகள் கெதோ அவர்களே! மாமா உன்னை ‘அவர்களே’ என்பது இன்றைக்கு ஒருநாள்தான், அனுபவித்துக்கொள். முன்வரிசையில் கைத்தடியை முகவாய்க்கு முட்டுக்கொடுத்து, தூங்கவில்லை என்று காட்டுவதற்காக அடிக்கடி தலையாட்டும் பெரியோர்களே! சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, கொறியுங்கள், தோலை மட்டும் மேடைப்பக்கம் துப்பாதீர்கள்! இரண்டாம் வரிசையில், நான் வாய் திறந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என் மனைவி சியாலா அவர்களே!

கடைசி வரிசையில், இடக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்தக் காலைப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் என் அண்டைவீட்டான், என் ஆயுள் முழுவதற்குமான போட்டியாளன் குராம் அவர்களே! ஒளிக்காதே, குராம். சாராய வாசனை மேடைவரை வருகிறது.

அன்பர்களே! இந்தக் கலாசார மன்றத்தின் பின்புறம், முன்பு மேளமும் கிழிந்த திரைச்சீலையும் கிடந்த அறையில், காயத்துக்குக் கட்டுப்போடும் நிலையம் ஒன்றை இன்று திறந்திருக்கிறோம். நாடா வெட்டியாயிற்று. கைதட்டியாயிற்று. பிறகு ஏன் இந்த ஜும்பர் மேடையில் நிற்கிறான்? சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் டாக்டரின் வண்டி தெலாவி நகர மருத்துவமனைக்குத் திரும்புகிறது. அதில் பின்னிருக்கை முழுவதும் காலியாக இருக்கிறது. அந்த இருக்கை குராமுக்கு. உடைந்த மதுத்தாழி ஓட்டை மிதித்து அவன் காலைக் கிழித்துக்கொண்டான். அந்தக் கால் இப்போது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. இவனோ வர மாட்டேன் என்கிறான். டாக்டர் சொல்லிப் பார்த்தார். லாமாரா அம்மையார் அதட்டிப் பார்த்தார். அவன் மனைவி எதெரி அழுது பார்த்தாள். அறிந்தவர்கள் பேசித் தோற்ற இடத்துக்கு அரைகுறைகளை அனுப்புவதுதானே உலக வழக்கம்? அனுப்பியிருக்கிறார்கள். வந்திருக்கிறேன்.

நான் யார்? தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை; ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திருமணமா, ஞானஸ்நானமா, இழவா, அறுவடையா, எந்த விருந்தானாலும் மேசையின் தலைமாட்டில் அமர்ந்து, ஒவ்வொரு கோப்பைக்கும் எழுந்து நின்று வாழ்த்துரை வழங்கும் தமாதா நான்! எழுந்து நின்று என்பதைக் கவனியுங்கள். தமாதாவுக்கு நாக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இரண்டு கால். என் கால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஊர் விருந்துகளுக்கெல்லாம் குராம் தலைமை தாங்கியிருப்பான். குராமின் வாழ்த்துரையைக் கேட்டிருக்கிறீர்களா? ‘நல்லா இருங்க.’ முடிந்தது. ஒரு கோப்பைக்கு இரண்டே சொல்! நாடு தாங்குமா? நல்லோர் மனம் தாங்குமா?

கேளுங்கள் கதையை.

கவாத்துக் காலம். திராட்சைக் கொடிகளை வெட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறேன். ஆளில்லாத தோட்டத்தில் வாய் சும்மா இருக்குமா? கொடிகளுக்கு ஒரு வாழ்த்துரை வழங்கிக்கொண்டே நடந்தேன். உச்சக்கட்டம் வந்தது. வலக்கையை வானுக்கு உயர்த்தினேன். வலக்கால் கம்பிக்குள் போனது. துருப்பிடித்த கம்பி, கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. ஓநாய் கடித்தது என்று அப்போது உங்களிடம் சொன்னேன் அல்லவா? அந்த ஓநாய் இந்தக் கம்பிதான். இன்றைக்கு உண்மை பேசும் நாள்.

காயம் பட்டால் நாம் என்ன செய்வோம்? பிள்ளை விழுந்தால் சாச்சா. பல் வலித்தால் சாச்சா. காய்ச்சல் வந்தால் நெஞ்சில் தேய்க்கச் சாச்சா. திராட்சைச் சக்கையில் வடித்த நம் சாராயம் தீர்க்காத நோய் தீராத நோய் என்றல்லவா நம் அப்பன்மார் நம்மை வளர்த்தார்கள்! நானும் ஊற்றினேன். காலுக்கென்று ஒரு பாட்டில், தொண்டைக்கென்று ஒரு பாட்டில். ஒன்றை ஒன்று தொடாது. காலின் பாட்டிலிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடித்ததில்லை. சிரிக்கிறீர்களா? என் வாழ்க்கையில் நான் கடைப்பிடித்த ஒரே ஒழுக்கம் அது!

காயம் மூடியது போலிருந்தது, திறந்தது. காய்ந்தது போலிருந்தது, கசிந்தது. எனக்கு ஏற்கெனவே சர்க்கரை. அறுவடைக்கு அறுவடை அக்ரூட் மாலைகளைத் திராட்சைப் பாகில் தோய்த்துத் தொங்கவிடுவோமே, அதில் பாதி மாலை தொங்குவதற்கு முன்பே என் வயிற்றுக்குள் போய்விடும். சர்க்கரைக்காரன் காலில் புண் வந்தால் ஆறாது என்று சியாலா சொன்னாள். ‘நீ டாக்டரா?’ என்று கேட்டேன். டாக்டரும் அதையே சொன்னார். ‘நீங்கள் டாக்டர்தானே, என்னவோ சொல்லுங்கள்’ என்றேன்.

மாத்திரை கொடுத்தார். வீக்கம் வற்றியது. மாத்திரை முடிந்ததும் வீக்கம் திரும்பியது. வேறு மாத்திரை, வற்றியது, திரும்பியது. திராட்சை பச்சையாகக் காய்க்கத் தொடங்கிய நேரத்தில் டாக்டர் அவ்தாந்தில் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வராது.

“ஜும்பர் ஐயா, இது எலும்பைத் தொடப் போகுது. அறுவடை வரைக்கும் பொறுத்துப் பாப்போம். அடங்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்.”

“எடுத்து எங்க வெப்பீங்க?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு வாய்.

“ஐயா, வெளையாடாதீங்க. விட்டா உசுருக்கு வந்துடும்.”

சியாலா என் தோளைப் பிடித்தாள். “உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும், மனுஷா. ஆனா இப்போ மட்டும் வாயை மூடு” என்றாள்.

மூடினேன். வீடு வரும்வரை மூடியிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது, அன்பர்களே. தமாதாவின் பயம் என்று அலங்காரமாகச் சொல்லலாம். இல்லை, வெறும் பயம். ஆட்டுக்குட்டிப் பயம்.

அப்போது வந்தாள் என் தங்கை மகள் கெதோ! பருத்தி சுற்றிய ஒரு குச்சியைப் புண்ணுக்குள் விட்டுச் சுழற்றினாள். நான் போட்ட கூச்சலில் அலசானி ஆறு சற்று நேரம் நின்று ஓடியது. குச்சியைக் குப்பியில் அடைத்துத் திபிலிசிக்குக் கொண்டுபோனாள். பிறகு என்னையும் அழைத்துக் காட்டினாள். அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நான் நுழைந்தபோது பேராசிரியர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏன் தலையில் அடித்துக்கொள்கிறாய், கெதோ? எழுந்தார்கள். சாப்பிடப் போவதற்காக எழுந்தார்கள்; ஆனால் எழுந்தார்கள்!

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். என்ன கண்டேன்? குலை குலையாக, கொத்துக் கொத்தாக, உருண்டை உருண்டையாகத் திராட்சை! என் காலுக்குள் ஒரு திராட்சைத் தோட்டம்! நட்டது யார்? நான். நீர் வார்த்தது யார்? நான். காவல் காத்தது யார்? நானேதான்!

“ஏம்மா, இது செவப்பா வெள்ளையா?” என்று கேட்டேன்.

“தட்டுல வளத்தா தங்க நெறமா வரும், மாமா.”

“பாத்தியா! என் கால்ல வர்ற கிருமிகூடத் தங்கம்.”

“மாமா, ஊருல முக்காவாசிப் பேருக்கு வர்றது இதுதான். ஒங்களுக்குன்னு தனியா வரலை.”

அதோடு விட்டாளா? சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டை எடுத்தாள். பல நோயாளிகளின் கிருமிகளை அந்தக் குழிகளில் வளர்த்து, கழுவி, ஊதாச் சாயம் விடுவார்களாம். ஒட்டாத கிருமி கழுவியதோடு போய்விடும்; குழி வெளுத்துவிடும். ஒட்டிக்கொண்ட கிருமியின் மேல் சாயம் நிற்கும். வெளிர் ஊதா, நடு ஊதா, பிறகு ஒரு குழி மட்டும், நம் பழைய தாழியில் ஆறிய செம்மதுவைப் போல, கறுத்து மின்னியது.

“அது யாரோடது?”

“ஒங்களோடது.”

“நான்தான் முதலாவதா?” என்று நிமிர்ந்தேன்.

“மாமா, எவ்வளவு கறுப்போ அவ்வளவு பசை. பெருமைப்பட இதுல ஒண்ணுமில்ல.”

பெருமைப்படாமல் எப்படி இருப்பது? பள்ளிக்கூடத்தில் கடைசி, பட்டாளத்தில் கடைசி, முதன்முறையாக ஒரு தேர்வில் ஜும்பர் முதலிடம்!

அவையோரே, இனி விஞ்ஞானம். பயப்படாதீர்கள், ஏழாம் வகுப்புக்கு மேல் போக மாட்டேன்.

கிருமி என்றால் யார்? தனியாக இருக்கும்போது கோழை. தண்ணீர் பட்டால் போவான், காற்று பட்டால் காய்வான். ஆனால் அவனுக்குள் சில சமையற்குறிப்புகள் இருக்கின்றன. மரபணு என்கிறாள் கெதோ. ஒரு குறிப்பு பசை செய்ய. ஒரு குறிப்பு நம் இரத்தத்தையே உறையவைத்துப் போர்த்திக்கொள்ள. ஒரு குறிப்பு நம் இரத்த அணுவைத் துளைக்கும் நஞ்சு காய்ச்ச. அந்தக் குறிப்புகளை வைத்து அவன் என்ன செய்தான்? முதலில் ஒட்டினான்! ஒட்டிய இடத்தில் பசையால் வீடு கட்டினான்! கட்டிய வீட்டில் பங்காளிகளைக் கூட்டினான்! கூட்டம் சேர்ந்த பிறகு நஞ்சைக் கொட்டினான்! ஒட்டினான், கட்டினான், கூட்டினான், கொட்டினான்! இதைவிட ஒழுங்காக எந்தக் கூட்டுறவுச் சங்கமாவது நடந்திருக்கிறதா?

ஏன் எடுத்த எடுப்பிலேயே நஞ்சைக் கொட்டவில்லை? கேட்டேன் நானும். ஒவ்வொரு கிருமியும் ஒரு சின்ன வாசனையை வெளியே விடுமாம். பத்துப் பேர் இருந்தால் அந்த வாசனை மெலிது. பல்லாயிரம் பேர் சேர்ந்தால் வாசனை கனக்கும். கனத்த பிறகுதான் நஞ்சுக் குறிப்பைத் திறப்பார்களாம். நான் துள்ளிவிட்டேன்! மேசை நிறைய விருந்தாளி சேராமல், தலைமாட்டில் ஒருவன் எழுந்து நின்று சொல்லாமல், நம்மில் எவனாவது கோப்பையைத் தொடுவானா? தொட மாட்டான்! கிருமிக்கும் தமாதா உண்டு, தோழர்களே! என் காலுக்குள் யாரோ ஒருவன் எழுந்து நின்று எனக்கு எதிராக வாழ்த்துரை வழங்கியிருக்கிறான். என்னைவிடச் சுருக்கமாகவும் பேசியிருக்கிறான் போலிருக்கிறது. என்ன, மூன்றாம் வரிசையில் கைதட்டல்? புரிகிறது, புரிகிறது.

மாத்திரை ஏன் தோற்றது? மருந்து, தின்று வளர்கிறவனைக் கொல்லும். பசை வீட்டின் அடித்தட்டில் கிருமிகள் தின்பதில்லை, வளர்வதில்லை, தூங்குகின்றன. விருந்தில் மேசைக்கு அடியில் விழுந்து தூங்குகிறவனை யாராலாவது குடிக்கவைக்க முடியுமா? மேலே இருப்பவன் சாவான். கீழே இருப்பவன் குறட்டை விடுவான். மாத்திரை நின்றதும் எழுந்து, ‘எங்கே விட்டோம்?’ என்று தொடருவான்.

அப்படிப்பட்ட கோட்டையை உடைக்க ஒரு படை வந்தது. கிருமியைவிடச் சின்னது; கிருமிதின்னி என்று பெயர். தலை ஒன்று, வால் ஒன்று, வாலடியில் சிலந்திக் கால்கள். தனக்கென்று விதிக்கப்பட்ட கிருமியின் முதுகில் மட்டும் இறங்கும்; தன் சரக்கை உள்ளே செலுத்தும்; உள்ளே குட்டிகளாகப் பெருகி, கிருமியை வெடித்துக்கொண்டு வெளியே வரும்; அடுத்தவன் மேல் தாவும். சில வகைகள் பசையையும் கரைக்குமாம். எந்தத் தின்னி எந்தக் கிருமியைத் தின்னும் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துத்தான் தெரியுமாம். கெதோ விட்டுப் பார்த்தாள். என் கிருமியை ஒன்று தின்றது! தட்டு முழுக்கப் படர்ந்திருந்த என் தோட்டத்தில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் விழுந்தது. அந்த வீரன் நம் அலசானி ஆற்றுத் தண்ணீரில் பிறந்தவன் என்று சொல்லவே எனக்கு ஆசை. திபிலிசிச் சாக்கடையில் எடுத்தது என்று கெதோ சைகை காட்டுகிறாள். சரி, சாக்கடை. வீரன் பிறப்பு பார்க்கலாமா?

டாக்டர் புண்ணைச் சுரண்டினார். கிருமிதின்னி நனைத்த துணியை வைத்துக் கட்டினார். கண்ணாடிக் குப்பிகளை சியாலா குளிர்பெட்டியில் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்து, நாள்தோறும் கட்டை மாற்றினாள். ஊரே காத்திருந்தது. என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை.

தட்டில் தின்ற வீரன் காலில் தின்னவில்லை. திராட்சை நிறம் மாறத் தொடங்கியது. டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். திபிலிசியிலிருந்து கெதோ வேறு குப்பிகள் அனுப்பினாள், அவையும் தோற்றன. குராம் மட்டும் என் வீட்டு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, தொண்டையைச் செருமி, வாழ்த்துரை பழக ஆரம்பித்தான். மறுக்கிறாயா, குராம்? ‘நல்லா இருங்க’ போய், ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்று வளர்ந்திருந்தாய்!

பொறுக்க முடியாமல் கெதோவே பேருந்து ஏறி வந்துவிட்டாள். கட்டை அவிழ்த்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

“மாமா, இது என்ன வாசனை?”

“என்ன வாசனை? புண்ணு வாசனை.”

“புண்ணு நாறும், மாமா. இது கல்யாண வீட்டு வாசனை.”

சியாலா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது, தினமும் காலையில், ஆளுயர மதுத்தாழிகள் மண்ணில் புதைந்திருக்கும் கொட்டகைக்குப் போய், கட்டின் மேலேயே காலின் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“மருந்துக்குத் தொணையா கொஞ்சம் ஊத்தினேன்” என்றேன்.

“எதை?”

“நம்ம சாச்சாதான். மொத வடிப்பு. பத்த வெச்சா நீலமா எரியும். ஒன் குப்பியில இருக்கற தண்ணிக்கு அந்த வீரியம் உண்டா?”

கெதோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, மதுத்தாழிக்குள்ள சுவரு வழவழன்னு இருந்தா என்ன பண்ணுவீங்க?”

என்னிடமா கேள்வி! தாழி கழுவுவதில் என்னை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் உண்டா? “உள்ள எறங்குவேன். செர்ரிப்பட்டைத் துடைப்பத்தால தேய்ப்பேன். வழவழப்பு போற வரைக்கும் தேய்ப்பேன். ஒரு விரல் அகலம் விட்டாலும் அந்த வருஷத்து மது புளிச்சுடும்.”

“எறங்காம, மேலேருந்து சாச்சா ஊத்திட்டு வந்துட்டா?”

“எந்தப் பைத்தியக்காரன் அப்படிப் பண்ணுவான்?”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பைத்தியக்காரனின் முகவரி எனக்கு விளங்கியது.

சியாலா கரண்டியோடு வெளியே வந்தாள். “தாழிக்கு இருக்கற புத்தி காலுக்கு இல்லையா ஒனக்கு?” என்றாள்.

“ஊத்தினா மேல இருக்கறது காஞ்சு தோலாட்டம் மூடிக்கும், அடியில இருக்கறதுக்கு அதுவே கூரை” என்றாள் கெதோ. “அதுகூடப் பரவாயில்ல, மாமா. நான் அனுப்பின கிருமிதின்னி சாச்சா பட்டா ஒண்ணுமில்லாமப் போயிடும். அனுப்பின படையை நீங்களே வாசல்ல நிறுத்திக் கொன்னுருக்கீங்க, தெனமும்.”

நான் நம்பினேனா? நம்பவில்லை. காலின் பாட்டிலிலிருந்து கொஞ்சம் சாச்சாவை எடுத்துக்கொண்டு போனவள், மூடி ஒட்டிய இரண்டு தட்டுகளோடு திரும்பி வந்தாள். ஒன்றில், என் கிருமிப் படர்வின் மேல் கிருமிதின்னியை அப்படியே விட்டிருந்தாள்: சல்லடைபோல ஓட்டை. மற்றொன்றில், அதே தின்னியை முதலில் என் சாச்சாவில் குளிப்பாட்டி, பிறகு நீர்விட்டுக் கலந்து, விட்டிருந்தாள்: ஓர் ஓட்டை இல்லை! என் தோட்டம் செழித்துக் கிடந்தது.

“அதைச் சாப்பாட்டு மேசையில வெக்காதடி” என்றாள் சியாலா.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்பர்களே, அறுபது ஆண்டுகளாக மருந்து என்று நான் வணங்கியது, என் மருந்துக்கே நஞ்சாக நின்றது. என்ன செய்தான் ஜும்பர்? எழுந்தான்! நொண்டிய காலோடு கொட்டகைக்கு நடந்தான்! காலின் பாட்டிலை எடுத்தான்! ‘இனி ஒரு துளியும் இல்லை!’ என்று முழங்கினான்! கல்தூணில் ஓங்கி அடித்து உடைத்தான்! கண்ணாடி சிதறியது, சாராயம் மண்ணில் ஓடியது, என் பயமும் அதோடு ஓடியது! அன்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை!

கைதட்டுங்கள், தகும்.

அதன் பிறகு டாக்டர் மறுபடி சுரண்டினார், தாழிக்குள் இறங்கினவன்போல. கெதோ புதிய குப்பிகள் கொடுத்தாள். சீழ் குறைந்தது. ஓரங்கள் இளஞ்சிவப்பாயின. சர்க்கரை மாத்திரையும் ஒழுங்காகத் தின்றேன். அறுவடை வந்தது; அக்ரூட் மாலைகள் இந்த ஆண்டு முதன்முறையாக முழுதாகத் தொங்கின.  டாக்டர் காலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை! “கால் ஒங்களோடயே இருக்கட்டும், ஐயா” என்றார். அறுவடை விருந்தில் இதே இரண்டு காலில் எழுந்து நின்று, இல்லாதவர்களுக்கு ஒன்று, இருப்பவர்களுக்கு ஒன்று, பிறக்கப் போகிறவர்களுக்கு ஒன்று என்று நான் பேசியதில் ஆட்டுக்கறி ஆறிப்போனது என்று இன்றுவரை குறை சொல்கிறீர்கள். ஆறட்டும்! ஆறியது கறி மட்டுமா? என் காலும் ஆறியதே!

ஆகவே அவையோரே! சின்னக் காயம் என்று சும்மா இருப்பதா? ஒட்டுவதற்கு முன் கழுவ வேண்டாமா? கட்டுவதற்கு முன் காட்ட வேண்டாமா? இந்தக் கட்டுப்போடும் அறை எதற்கு? காயத்தோடு வாருங்கள்! வெட்கத்தோடும் வாருங்கள், வெட்கத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு நம் மருத்துவத்தை அதன் தலையில் ஊற்றாமல் வாருங்கள்! கிருமி கூடிக் கோட்டை கட்டுகிறது. நாம் கூடி என்ன கட்டினோம்? கட்டுக்கதை கட்டினோம்! இனியாவது கட்டுப் போட்டுக்கொள்வோம்!

பொறுமை காத்த தலைவர் அவர்களுக்கும், என் காலைப் பொறுத்துக்கொண்ட மருத்துவருக்கும், மாமனைப் பொறுத்துக்கொண்ட மருமகளுக்கும், விதை தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சின் நன்றியைக் கோப்பை இல்லாமலே உயர்த்துகிறேன்...

என்ன, குராம்? எழுந்துவிட்டாயா? வண்டிக்குத்தானே? சத்தமாகச் சொல், முன்வரிசைக்கும் கேட்கட்டும்.

“ஜும்பர், நீ கெட்டிக்காரன்டா. ஒடச்சே. எனக்கு அந்த நெஞ்சு இல்ல. ராவும் பகலும் குத்துது. ஊத்தினா அஞ்சு நிமிஷம் மரத்துப் போகுது. அதை என்னால விட முடியாது. டாக்டர் மருந்து குடுப்பாரு, நான் அதும்மேலயும் ஊத்துவேன். எனக்கே தெரியும். அப்புறம் வெட்டத்தான் போறாங்க. எதுக்கு வண்டி? நீ பேசி முடி, நான் வீட்டுக்குப் போறேன்.”

உட்கார், குராம்.

உட்காருடா என்கிறேன்!

...லாமாரா அம்மையாரே, நன்றி சொல்லியாயிற்று, தெரியும். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சியாலா கண்ணைத் திறந்துவிட்டாள். அவள் திறந்தால் நான் பேசியே ஆக வேண்டும்.

குராம், தட்டைப் பார்த்தேன் என்றது உண்மை. விளங்கியது என்றதும் உண்மை. மறுநாள் காலை என்ன செய்தேன் தெரியுமா? கொட்டகைக்குப் போனேன். கால் குத்தியது. வெட்டுவார்கள் என்ற நினைப்பு அதைவிடக் குத்தியது. ஊற்றினேன். எல்லாம் தெரிந்த பிறகும் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் ஊற்றினேன். ‘ஆ, என்ன எரிச்சல், என்ன வீரியம்!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். அறுவடை வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை.

கால் தங்கியது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்து சியாலாவிடம் மார்தட்டினேன். “ஒனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். நான் சாச்சாவை நிறுத்தவே இல்ல. கிருமிதின்னியாவது ஒண்ணாவது! ரெண்டும் சேந்துதான் காலைக் காப்பாத்திச்சு.”

அவள் கொட்டகைக்குப் போய்க் காலின் பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஒரு கோப்பை நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

“அப்போ அதுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிக் குடி” என்றாள்.

எழுந்து நின்றேன். வாழ்த்தினேன். குடித்தேன். தண்ணீர், குராம். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீர். கெதோ தட்டுகளோடு வந்த அன்றே சியாலா மாற்றிவிட்டாளாம். பாட்டிலின் கழுத்தில் மட்டும் தினமும் கொஞ்சம் சாச்சாவைத் தடவி வைத்திருக்கிறாள், என் மூக்குக்காக. நான் எரிகிறது எரிகிறது என்று கத்தியதெல்லாம் உப்புத் தண்ணீருக்கு!

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னா வேற பாட்டில் எடுத்திருப்பே, மனுஷா.”

எடுத்திருப்பேன். சத்தியமாக எடுத்திருப்பேன்.

உனக்கு நெஞ்சு இல்லை என்கிறாய். எனக்கு இருந்தது என்று எவன் சொன்னான்? நான்தான் சொன்னேன், இதே மேடையில், சற்று முன்பு, கைதட்டலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வண்டியில் ஏறுவதற்கு வீரம் வேண்டியதில்லை, குராம். உட்காரத் தெரிந்தால் போதும். எதெரியும் உன்னோடு வரட்டும். கட்டு அவள் கையில் இருக்கட்டும், குப்பி அவள் கையில் இருக்கட்டும், உன் சட்டைக்குள் வைத்திருக்கிறாயே, அந்தப் பாட்டிலும் அவள் கையில் இருக்கட்டும். குத்தும்போது கத்து. மருத்துவமனையில் கத்துவதற்கு நானும் உடன் வருகிறேன். கத்துவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

கொடுத்துவிட்டானா? எதெரி, வாங்கிக்கொள். மூடியைத் திறக்காதே, முன்வரிசைப் பெரியவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

டாக்டர், வண்டியைக் கிளப்புங்கள். எல்லோருக்கும் என் வணக்கம். சியாலாவுக்கு அதற்கும் மேலே ஒன்று. மற்றதெல்லாம் ஏறத்தாழ நடந்ததுதான், அன்பர்களே. பாட்டிலை மட்டும் நான் உடைக்கவே இல்லை.